ரத்தம் எடுத்தால் போதுமா? விளக்கம் எங்கே?



பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி-6-பி-டி குறை உண்டா என்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகள் 1980-களிலிருந்து சோதித்து வருகின்றன. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் "குறை உண்டு" என்று ஓர் அட்டையைத் தாயின் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்ததா?

ரத்தத்தின் சிவப்பணுவைக் காக்கும் ஒரு பொருள் பிறவியிலேயே போதாமல் இருப்பதுதான் இக்குறை. மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவின் மாத்திரை சிலரின் ரத்தத்தை உடைப்பது ஏன் என்று தேடியபோது, 1956-இல் இதைக் கண்டறிந்தார்கள். அந்துருண்டையும் அதையே செய்யும். மஞ்சள் காமாலை முற்றினால் குழந்தையின் மூளையும் காதும் கெடும்.

பிள்ளைத் துணியை அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைப்பவர் பாட்டி. அவருக்கு யார் சொன்னார்கள்?

மருமகளை ஏசும் வாய்களுக்கும் ஒரு வார்த்தை: இது சாபமன்று. குறையைச் சுமக்கும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குறையுள்ள தகப்பனோ மகள்கள் அனைவருக்கும் அதைக் கொடுக்கிறான், மகனுக்குக் கொடுப்பதில்லை. இதில் குற்றவாளி யார்?

நாம் கேட்பது தருமமன்று, உரிமை! தாய், தகப்பன், பாட்டி மூவரையும் உட்காரவைத்துத் தமிழில் விளக்க வேண்டும். தாயின் சகோதரிகளுக்கும் செய்தி போக வேண்டும். கிராணிமாரே, அட்டையை வாசித்துச் சொல்லுங்கள். கிளைக் கூட்டங்களே, தீர்மானம் போடுங்கள்!