விண்வெளியிலும் நம் குழந்தைக்கு இடமில்லையா?

நம் தமிழ்ப் படங்களில் குழந்தைக்கு அளிக்கப்படும் வேலை யாது? கதாநாயகனின் கழுத்தைக் கட்டிக்கொள்வது ஒன்று. தாயின் சடலத்தின்மேல் விழுந்து அழுவது மற்றொன்று. கொடியவன் கையில் அகப்பட்டுக் கதறுவது பிறிதொன்று. 'பசங்க' (2009), 'காக்கா முட்டை' (2015) போன்ற சில படங்கள் இவ்வழக்கத்தை மீறின என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அவை மண்ணில் நிகழும் கதைகள். விண்ணுக்குப் புறப்பட்டாலோ, நம்மவர் குழந்தையைக் கீழேயே விட்டுவிட்டுப் போகின்றனர்!

உம்பாய்க்கு அருகே ஒரு தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன் யான். சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலை, லயத்துப் பிள்ளைகளை மண்டபத்தில் கூட்டி, 2005-இல் வெளிவந்த 'ஸதுரா' என்னும் ஆங்கிலப் படத்தைக் காட்டி, இடையிடையே தமிழில் விளக்கம் சொன்னேன். கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் 2002-இல் எழுதிச் சித்திரமும் தீட்டிய சிறுவர் நூலை ஜான் பாவ்ரோ படமாக்கியது அது.

கதை எளிது. எந்நேரமும் சண்டையிடும் அண்ணன் தம்பி இருவர். தந்தை வேலைக்குப் போன வேளையில் ஒரு பழைய விளையாட்டுப் பலகை தம்பியின் கையில் கிடைக்கிறது. விசையை முடுக்கினால் ஒரு சீட்டு வெளிவரும். சீட்டில் உள்ளது நடந்தேறும். விண்கல் பொழிகிறது, வீடே பெயர்ந்து விண்வெளியில் மிதக்கிறது. இடையே விண்வெளி வீரன் ஒருவன் வந்து சேர்கிறான். அவனும் முன்னொரு நாள் இதே ஆட்டத்தை ஆடியவன்; கோபத்தில், தன் தம்பி பிறந்திராமலே இருக்கவேண்டுமென வரம் கேட்டு, அது பலித்து, ஆட்டத்தை முடிக்கத் துணையின்றி ஆண்டுக்கணக்காய் அங்கே சிக்கித் தவிப்பவன். அதே வரம் கேட்கும் வாய்ப்பு இவ்வண்ணனுக்கும் வருகிறது. அவன் கேட்பதோ, அவ்வீரன் இழந்த தம்பியைத் திருப்பித் தரவேண்டும் என்பது! சீட்டைப் படித்து, முறை வைத்து ஆடி, ஒருவரையொருவர் பொறுத்துச் சிறுவரே வீடு திரும்புகின்றனர்.

படம் பாதி ஓடுகையில் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஏங்க கிராணியாரே, இதிலே கதாநாயகன் எப்போ வருவாரு?"

யான் நகைத்தேன். பிறகு நாணினேன். அவரை அவ்வாறு கேட்கப் பழக்கியது யார்? 1963-இல் வந்த 'கலை அரசி'யை எண்ணிப் பாருங்கள். வேற்றுலகத்தார் நம் பாடகியைக் கவர்ந்து சென்றனர். மீட்கப் போனவர் எம்.ஜி.ஆர். அரை நூற்றாண்டு கடந்து, 2018-இல் 'டிக் டிக் டிக்' வந்தது. பேரழிவு விளைக்கவரும் விண்கல்லைத் தகர்க்கத் தந்தை பறக்கிறார். மகனோ தந்தையை மிரட்டுவதற்கான பிணைப்பொருள்! கருவிகள் வளர்ந்தன, குழந்தையின் நிலை வளர்ந்ததா?

"அவ்வளவு பணத்திற்கு எங்கே போவது?" என்பாரும் உளர். 'ஸதுரா'வின் பெரும்பகுதி ஒரே வீட்டினுள் நிகழ்கிறது. நமக்குக் குறை பணமன்று, நூலே. அங்கே முதலில் சித்திரக் கதை பிறந்தது. பின்னரே படம் பிறந்தது. விதையின்றி விளைச்சல் ஏது?

"நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்துக்கொள்ளட்டுமே" என்பாரும் உளர். அப்படிப் படித்தவன்தான் யான். வானத்தைப் பற்றி யான் கண்ட கனவெல்லாம் இரவல் மொழியில் கண்டவை. அதனால் எனக்கு நட்டமில்லை. என் அண்டை வீட்டுப் பிள்ளைக்கே நட்டம். யான் கண்டதை அதற்குச் சொல்ல எனக்குத் தமிழ் வாய் திறக்கவில்லை.

நம் நாட்டின் ஷேக் முஸாபார் 2007 அக்டோபர் 10-இல் சோயுஸ் கலத்தில் விண்ணேறினார். அப்பயணத்திற்கு 2006-இல் இறுதியாகத் தேர்ந்த நால்வருள் வனஜா என்னும் நம்மவர் பெண்ணும் ஒருவர். இதைக் கதையாக்கித் தம் மகளுக்குச் சொன்ன பெற்றோர் எத்தனை பேர்? யானும் சொன்னதில்லை. இக்குற்றத்திற்குப் படமுதலாளியையா நோவது?

படம் முடிந்தபின் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்து, "ஐயா, இந்தப் புத்தகம் தமிழிலே இருக்கா?" என்றாள். கொடுக்க என் கையில் ஒன்றுமில்லை.

எழுத்தாளத் தோழர்களே! ஆண்டுவிழா மலர்களுக்கு வாழ்த்துப்பா எழுதியது போதும். லயத்து வீடொன்று விண்ணில் மிதப்பதாக ஒரு கதை எழுதுங்கள். அதில் கதாநாயகன் வந்து காக்கவேண்டாம். குழந்தையே சீட்டைப் படிக்கட்டும், குழந்தையே வழி காணட்டும். பெற்றோர்களே! அந்நூல் வெளிவரும் நாளில் விலை கொடுத்து வாங்குங்கள். அதைச் செய்யாதவரை, தமிழில் நல்ல சிறுவர் படம் இல்லையென்று புலம்பும் உரிமை நமக்கில்லை.