மறுமையின் மஞ்சக் கடுதாசி

"தொழுகை, நோன்பெல்லாம் கரெக்டா இருப்பாரு. குணம்தான் கொஞ்சம் அப்படி இப்படி."

எங்கள் ஆட்களிடம் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. வேலைக்காரப் பையனுக்குச் சம்பளத்தை இழுத்தடிக்கும் கடைக்காரர், மருமகளை வார்த்தையாலேயே கிழிக்கிற மாமியார், மோதினாரை 'டேய்' போட்டுக் கூப்பிடும் நிர்வாகி என்று எல்லோருக்கும் பொருந்துகிற சான்றிதழ் இது. என் சண்டை அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லோடுதான். குணம் என்பது ஏதோ கறிவேப்பிலை, இல்லாவிட்டாலும் குழம்பு குழம்புதான் என்கிற நினைப்பு அதற்குள் இருக்கிறது.

நபியவர்கள் அப்படி நினைக்கவில்லை. திவாலானவன் யார் என்று தோழர்களிடம் அவர் கேட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் வருகிறது. கையில் காசும் சரக்கும் இல்லாதவன் என்கிறார்கள் அவர்கள். அவர் சொன்ன ஆள் வேறு. தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் மறுமையில் வந்து நிற்பவன் அவன். ஆனால் ஒருத்தரைத் திட்டியிருப்பான், இன்னொருத்தர் மேல் பழி போட்டிருப்பான், வேறொருவர் சொத்தைத் தின்றிருப்பான். பாதிக்கப்பட்டவர்கள் வரிசையாக வந்து அவனுடைய நன்மைகளை எடுத்துக்கொண்டு போவார்கள். நன்மை தீர்ந்தும் கடன் தீராவிட்டால் அவர்களுடைய பாவங்கள் அவன் தலையில் ஏறும். நம்மூர்ப் பாஷையில் மஞ்சக் கடுதாசி. ஆனால் இங்கே ஒருத்தன் மஞ்சக் கடுதாசி கொடுத்தால் கடன்காரர்கள்தான் கையைப் பிசைவார்கள். அங்கே கடன்காரர்களுக்கு நஷ்டமே இல்லை. கவனியுங்கள், இவன் தொழாதவன் அல்ல. தொழுதவன்.

எங்கள் பகுதிப் பள்ளிவாசலில் ஒரு ரமலான் இரவு. கல்லூரிப் பையன் ஒருவன் தொப்பி இல்லாமல் வந்து வரிசையில் நின்றான். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி, "இது என்ன சினிமா கொட்டகையா? உங்க வீட்ல எதுவும் சொல்லித் தரலையா?" என்று எல்லோர் முன்பும் கத்தினார். தொப்பி இல்லாவிட்டால் தொழுகையே செல்லாது என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. பெரியவருக்கும் அது தெரிந்திருக்கும். பையன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு நான் அவனை அங்கே பார்க்கவில்லை.

இதே மாதிரி, இதைவிடப் பெரிய விஷயம் மதீனாவில் நபியின் பள்ளிவாசலிலேயே நடந்திருக்கிறது. நாட்டுப்புறத்து அரபி ஒருவர் உள்ளே வந்து ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டார். தோழர்கள் பாய்ந்தார்கள். நபியவர்கள் தடுத்தார்கள். அவர் முடிக்கும்வரை விடச் சொன்னார்கள், பிறகு அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். பள்ளிவாசல் எதற்கான இடம் என்பதை அவரிடம் நிதானமாக எடுத்துச் சொன்னார்கள். அவ்வளவுதான் நடவடிக்கை. சிறுநீர் கழித்தவருக்கு ஒரு வாளித் தண்ணீர், தொப்பி மறந்தவனுக்கு உம்மா வாப்பா வரை வசவு.

அபஸ அத்தியாயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும். மக்காவின் பெரிய மனிதர்களோடு நபியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் குறுக்கே வந்து கேள்வி கேட்கிறார். நபியின் முகம் சுளிக்கிறது. அதற்குத்தான் அந்தக் கண்டிப்பு இறங்கியது. யோசித்துப் பாருங்கள், அந்த மனிதரால் சுளிப்பைப் பார்க்கவே முடியாது! பார்க்க முடியாதவர் முன்னால் சுளித்த முகத்துக்கே வஹீ வந்த மார்க்கத்தில், நாம் பார்க்கிறவன் மூஞ்சிக்கு நேராகக் கத்துகிறோம்.

49-ஆம் அத்தியாயம் ஹுஜுராத். மொத்தமே 18 வசனங்கள். கேலி, பட்டப்பெயர், சந்தேகம், துருவிப் பார்ப்பது, புறம் பேசுவது எல்லாம் அதில் தடை. நம் இயக்கச் சண்டைகளைப் பாருங்கள். ஒரு பக்கம் 'கப்ரு வணங்கி', மறுபக்கம் 'வஹாபி'. குர்ஆனைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பியவர்கள் குர்ஆன் தடுத்ததை வைத்தே சண்டை போடுகிறார்கள். யூடியூபில் அதற்கு மாஷா அல்லாஹ் வேறு.

"குணம் போதும்னா அப்புறம் தொழுகை எதுக்கு பாய்?" என்று உடனே மடக்குவார்கள். போதும் என்று யார் சொன்னது? தொழுகை மானக்கேடான காரியங்களிலிருந்து தடுக்கும் என்று குர்ஆனே சொல்கிறது. தடுக்கவில்லை என்றால் எங்கே ஓட்டை என்று பார்க்க வேண்டாமா? ஏழே வசனமுள்ள மாஊன் அத்தியாயம், அநாதையை விரட்டுகிறவனில் தொடங்கி, அலட்சியமாகவும் பிறர் பார்க்கவும் தொழுகிறவர்களை எச்சரித்து, அற்பப் பொருளைக்கூட இரவல் தராதவர்களில் முடிகிறது. சட்டி, வாளி, கோடாலி என்று விரிவுரையாளர்கள் பட்டியலே போட்டிருக்கிறார்கள். தொழுகையைப் பற்றிய எச்சரிக்கை போய் நிற்கிற இடம் பக்கத்து வீட்டுக்காரி கேட்ட சட்டி.

வெள்ளிக்கிழமை மதியம் ஏதாவது ஒரு நெருக்கமான தெருவுக்கு வாருங்கள். அடுத்தவர் வீட்டு கேட்டை மறித்து பைக் நிற்கும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய குடும்பம் வாசலில் ஆட்டோவோடு காத்திருக்கும். வண்டி நம்பரை மைக்கில் இரண்டு முறை அறிவித்த பிறகும், எழுந்தால் முதல் வரிசை போய்விடும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கையில் தஸ்பீஹ் உருண்டுகொண்டிருந்தது.