அறைக்கு இரகசியம்! அபலைக்கு அம்பலமா?

கொழும்பு மாநகரில் இரகசியமும் ஒரு விற்பனைச் சரக்கு. மணிக்கணக்கில் அதனை வாடகைக்கு விடுவோர் இருக்கின்றனர். பணம் படைத்த ஒருவன், பெண்ணொருத்தியைக் காசு கொடுத்து அழைத்துச் சென்று சில மணி நேரம் தங்குவதற்குத் தக்க விடுதி எதுவெனத் தேடுகின்றான். அவன் மெத்தையைப் பற்றியா விசாரிக்கின்றான்? அடையாள அட்டை கேளாத முகாமையாளர் உண்டா? பதிவேட்டில் எந்தப் பெயரையும் எழுதலாமா? எவர் கண்ணிலும் படாது போய்வரப் பின்வாசல் உண்டா? இம்மூன்றும் பொருந்திய இடமே அவனுக்கு "நல்ல விடுதி". அவன் கொடுக்கும் வாடகையில் பாதி அறைக்கு, மறுபாதி வாய்ப்பூட்டுக்கு.

அந்த வாய்ப்பூட்டு யாருக்குக் காவல் என்பதே நம் கேள்வி.

களனி கங்கைக்கு அணித்தான கொட்டாஞ்சேனை முதல் கடலோர வெள்ளவத்தை வரை, விடுதி முற்றுகைச் செய்திகளை நாம் படித்துப் பழகிவிட்டோம். "விடுதி முற்றுகை; பெண்கள் கைது" என்பது தலைப்பு. அவர்களது வயது வருகிறது; ஊர் வருகிறது; முந்தானையால் முகத்தை மூடிய படமும் வருகிறது. அறையை எடுத்தவன் பெயர் எங்கே? கட்டடத்துக்குச் சொந்தக்காரன் பெயர் எங்கே? தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்காது. சில வாரங்கள் கழிந்ததும் பலகை மாறும். நேற்று விடுதியாயிருந்தது இன்று "ஆயுர்வேத" உருவுதல் நிலையமாகும். முதலாளி அவரே, அறையும் அதுவே. பெண்கள் மட்டும் புதியவர்கள்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளையர் ஆட்சியில் 1841இல் பிறந்தது அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். 1889இல் பிறந்தது விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம். உழவருக்கும் உத்தியோகத்தருக்கும் ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்லுவோம்: வயதுவந்த பெண் தன் உடலை விற்பதை இவ்விரு சட்டங்களும் நேரே குற்றமென்று கூறவில்லை. 1841ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் அழைப்பதையும், பிறர் உழைப்பில் பிழைப்பதையும் பற்றிப் பேசுகிறது. 1889ஆம் ஆண்டுச் சட்டமோ விடுதி நடத்துபவனையும், அறிந்தே அதற்கு இடங்கொடுக்கும் வாடகைக்காரனையும், உடைமையாளனையும் குற்றவாளியென்று பெயர் சுட்டிச் சொல்கிறது. ஆறு மாதச் சிறையும், ஐந்நூறு ரூபா அபராதமும் அது வகுத்த உச்சத் தண்டனை. ஏட்டில் முதலாளி குற்றவாளி. நடைமுறையில் கூண்டில் நின்றவள் பெண்! தெருவில் நடந்தவளையும் "அலைந்து திரிபவள்" என்று பிடிக்கலாம். அவள் பையில் ஆணுறை இருந்தால் அதையே சான்றாக நீட்டலாம். கங்கொடவிலையிலுள்ள மெத்செவன தடுப்பு இல்லத்துக்கு அனுப்பி வைக்கலாம். எய்தவன் இருக்க அம்பை நோவது என்பது இதுதானே?

"விடுதிக்குள் நடப்பதெல்லாம் எமக்கு எப்படித் தெரியும்?" என்று அதிகாரிகள் கைவிரிக்கக்கூடும். அந்தப் பேச்சைத் தமிழனிடம் பேச வேண்டாம். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் விடியுமுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலிருந்த விடுதிகளின் கதவுகள் தட்டப்பட்டன. வெளிநாட்டுப் பயணத்துக்கும், மருத்துவத்துக்கும், வேலைக்குமாக வந்து தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் 85 பேர் பெண்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியது. மறுநாளே இடைக்காலத் தடை பிறந்தது. பின்னர்ப் பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். அன்று எந்த விடுதியில், எந்த அறையில், எந்த ஊர்த் தமிழன் படுத்திருந்தான் என்பது பொலிஸாருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பாவமும் அறியாதவனின் அறை எண் தெரிந்த அரசுக்கு, பாவத்தை வாடகைக்கு விடுபவனின் முகவரி மட்டும் தெரியாதாம்! அன்று திறந்த கண்ணை இன்று மூடிவைத்தது எது?

இனி, நம் வீட்டுக் குப்பையையும் கிளறுவோம். விடுதி உடைமையாளருள் நம்மவர் இல்லையா? வாடகை வாங்கும் கையால் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்து, மேடையில் பொன்னாடை ஏற்போர் இல்லையா? "கெட்ட பெண்களால் நம் பகுதிக்கு இழுக்கு" என்று முழங்குவோர், அப்பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா?

அதை உழவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர் அறிவார். போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 89,000 விதவைகள் என்று அரசுத் தரப்பே கூறியது. அவர்களது வாசலுக்கு வேலைவாய்ப்பு வருமுன் நுண்கடன்காரன் வந்தான். வரட்சியில் வயல் வெடித்தது. வட்டி மட்டும் விளைந்தது. 2018இல் அரசே முன்வந்து வரட்சி மாவட்டங்களின் பெண்கள் பட்ட சிறுகடன்களைத் தள்ளுபடி செய்யவேண்டிய நிலை ஏற்பட்டது. 2022இல் நாடே கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தபோது, ஆடைத் தொழிற்சாலைகளில் வேலையிழந்த பெண்கள் எங்கே போவார்கள்? நாட்டின் கடனைப் பேசித்தீர்க்கப் பல அரசுகள் ஒன்றுகூடின. அவளுடைய கடனைப் பேசித்தீர்க்க யார் கூடினர்?

"அப்படியானால் விபசாரத்துக்குப் பச்சைக்கொடி காட்டுகிறீர்களா?" என்று சீறுவோர் உண்டு. பொறுங்கள். வள்ளுவர் "வரைவின் மகளிர்" என்று ஓர் அதிகாரமே செய்தார். அங்கே பெண்ணைக் கடிந்தபோதும் அறிவுரையை யாருக்குச் சொன்னார்? தேடிப்போகும் ஆணுக்கே சொன்னார். அந்தப் பாதியை மறந்துவிட்டுத் தமிழ்ப் பண்பாடு பேசுவது என்ன நியாயம்? சுவீடன் 1999இல் வாங்குபவனைக் குற்றவாளியாக்கியது. நியூசிலாந்து 2003இல் வயதுவந்தோர் தாமே செய்யும் இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில், விடுதி முற்றுகைகளில் தம் விருப்பால் இத்தொழிலிலுள்ள பெண்களைக் கைதுசெய்யவோ துன்புறுத்தவோ கூடாதெனப் பணித்தது. வழிகள் வேறுபடலாம், எளியவளைக் கூண்டிலேற்றி வலியவனை வழியனுப்புவதை இவற்றுள் எதுவும் நீதியென்று கொள்ளவில்லை.

கட்டாயப்படுத்தப்பட்டவரையும் சிறுமியரையும் மீட்கச் சட்டமில்லையா? உண்டு. 2006இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவை, ஆட்களை வியாபாரம் செய்வோனுக்கு இரண்டு முதல் இருபது ஆண்டுச் சிறை வகுத்திருக்கிறது. அந்த வாளை உறையிலிட்டு, 1841ஆம் ஆண்டின் துருப்பிடித்த கத்தியால் ஏழைப் பெண்ணைக் குத்துவது வீரமாகுமா?

ஆகவே நாம் கேட்பவை சில. 1841ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் பெண்கள்மீது இனி விழலாகாது. முற்றுகை நடந்தால், முதலில் எழுதப்படும் பெயர் இலாபம் உண்ட உடைமையாளன் பெயராகட்டும். பெண்ணின் முகம் செய்தித்தாளின் தீனியாக வேண்டாம். பிள்ளைகளை வைத்தும், மிரட்டியும் பிழைப்போனுக்குத் தண்டனைக் கோவையின் முழுப் பாரமும் இறங்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிராமத்துப் பெண் கைக்கு நேர்மையான கூலியும், கந்துவட்டியில்லாக் கடனும் கிட்டட்டும்.

இவற்றைச் செய்ய மனமில்லாத அரசும், கேட்க மனமில்லாத தமிழ்த் தலைவரும் ஒழுக்கம் பற்றி வாய்திறக்க வேண்டாம். பின்வாசல் வழியே போகிறவனை விட்டுவிட்டு, முன்வாசலில் பெண்ணின் முகத்திரையை இழுப்பவன் ஒழுக்கக் காவலன் ஆகான். அந்த விடுதியின் இன்னொரு காவற்காரனே ஆவான்!