கொடியும் குடியும்

கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டை கடலை நோக்கிச் சிதைந்து நிற்கிறது. அங்கு மாணவரை அழைத்துச் சென்றிருந்தோம். எழுத்தும் சித்திரமும் செதுக்கிய கல்லறைகளுக்கு நடுவே மாணவர் ஒருவர், "ஐயா, கொடியும் நாணயமும் இருந்தால் நாடாகிவிடுமா?" என வினவினார். அவர் நெஞ்சில் இருந்தது கைலாசா.

திருவண்ணாமலையில் பிறந்த நித்தியானந்தா, வழக்குகள் நிலுவையில் இருக்க, இந்தியாவை விட்டு வெளியேறி, 2019இல் கைலாசா என்றொரு நாட்டை அறிவித்தார். கொடி, கடவுச்சீட்டு, 2020இல் ரிசர்வ் வங்கி, நாணயம் என அடையாளங்கள் வரிசையாக வந்தன. நிலம் மட்டும் வரவில்லை. எக்குவடோர் அருகே தீவு ஒன்று வாங்கப்பட்டதாகச் செய்தி பரவியது. அந்நாட்டு அரசோ அதனை மறுத்தது.

வள்ளுவர் அரசனுக்குரியனவாகக் கூறும் ஆறனுள் குடியும் உண்டு, நட்பும் உண்டு. 1933ஆம் ஆண்டு மான்டிவிடியோ உடன்படிக்கை நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் எனும் நான்கனைக் கேட்கிறது. இரண்டுக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகள்! ஆயினும் குடியையும் நட்பையும் இரண்டுமே விடவில்லை.

இந்த நட்பைத்தான் கைலாசாவினர் குறுக்குவழியில் தேடினர். 2023 சனவரியில் அமெரிக்காவின் நியூவார்க் நகரோடு சகோதர நகர ஒப்பந்தம் செய்தனர். உண்மை அறிந்ததும் நகராட்சி அதனை நீக்கியது. அடுத்த மாதம் ஜெனீவாவில் ஐ.நா. குழுக் கூட்டங்களில் அவர்தம் பிரதிநிதிகள் பேசினர். பொதுமக்களும் கலந்துகொள்ளத்தக்க கூட்டங்கள் அவை. அப்பேச்சு கணக்கில் கொள்ளப்படாது என ஐ.நா. தரப்பு தெளிவுபடுத்தியது. அவ்வாண்டே பராகுவே நாட்டு அதிகாரி ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பதவி இழந்தார்.

இவற்றை நகைத்துக் கடந்துவிடலாம். பொலிவியாவில் நடந்ததை அவ்வாறு கடக்க இயலாது. அமேசான் காட்டுப் பழங்குடியினரிடம் ஆயிரம் ஆண்டுக் குத்தகைக்கு நிலம் பெற முயன்றமை 2025இல் வெளிப்பட்டு, தொடர்புடைய இருபதின்மரை அந்நாடு வெளியேற்றியது. ஏடறியா எளியோரின் மண் மீது ஒரு கற்பனை நாட்டின் எல்லை வரையப்பட இருந்தது. எமக்குச் சதுரங்கப்பட்டினம் நினைவில் எழுந்தது. 1824இல் இலண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையால் ஒல்லாந்தரின் இந்தியக் குடியேற்றங்கள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. இக்கரையின் மீனவரை எவரும் கேட்கவில்லை.

நாடின்மையின் துயரைத் தமிழர் அறிவர். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை எந்நாட்டுக்கும் உரியரல்லர் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் அவர்களை எண்ணிக்கை பேசிப் பங்கிட்டனர். பின்னர்ப் போர் தாண்டி வந்தோர் நம் மாநில முகாம்களில் தங்கினர். 2021இல் முகாம்களின் பெயரில் 'மறுவாழ்வு' சேர்ந்தது. குடியுரிமையோ பெரும்பாலோர்க்குச் சேரவில்லை. இவர்களுக்குக் கைலாசக் கடவுச்சீட்டு என்ன செய்யும்?

முகாமிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணொருவர், இந்திய மண்ணில் பிறந்த தமக்குக் குடியுரிமை உண்டென நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். நாற்பதை நெருங்கும் அகவையில், 2024 பொதுத்தேர்தலில், முதன்முதலாக வாக்களித்தார். அம்மாணவர்க்கு யாம் கூறிய விடை அப்பெண்ணின் விரலில் இட்ட மைதான்.