புலியைக் காக்க யாரை வெளியேற்றுகிறீர்கள்?

2021 அக்டோபரில் மசினகுடியில் டி23 புலியைச் சுட்டுக் கொல்லாமல் உயிருடன் பிடித்தார்கள். அந்த மூன்று வாரத் தேடலில் தடம் பார்த்து வழிகாட்டியவர்களில் பழங்குடி வேட்டைத் தடுப்புக் காவலர்களும் உண்டு. புலியைக் காப்பாற்ற அவர்களின் கண்ணும் காலும் வேண்டும். அவர்களின் ஊர் மட்டும் காட்டுக்குள் இருக்கக் கூடாதாம்.

புலி வாழ வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை தோழர்களே. ஆனால் 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், காப்பகங்களின் மையப் பகுதிகளில் உள்ள 591 கிராமங்களை, 64,801 குடும்பங்களை இடம் மாற்றும் வேலையை விரைவுபடுத்தச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. சட்டம் சொல்லும் வரிசையோ வேறு. முதலில் வன உரிமை, பிறகு கிராமசபையின் ஒப்புதல், அதுவும் மக்களே விரும்பினால்தான். சேரியை ஊருக்கு வெளியே வைத்த அதே புத்திதான் இங்கே பழங்குடியைக் காட்டுக்கு வெளியே நிறுத்துகிறது. சஃபாரி ஜீப்புக்கு மட்டும் தடையில்லை!

சரிஸ்காவில் வேட்டைக் கும்பல் கடைசிப் புலிவரை அழித்தபோது காடு வனத்துறையின் கையில்தான் இருந்தது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே 2011இல் சோளகர்களுக்குச் சமூக வன உரிமை தரப்பட்டது. புலிகள் அங்கே இன்றும் இருக்கின்றன. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் அந்த உரிமைகளை முழுமையாகக் கொடுத்துவிட்டு வாருங்கள், இடமாற்றம் பற்றிக் கிராமசபையில் பேசலாம்.