ஆர்டர் வந்தால் அப்ரூவல் வந்துவிடுமா?

சுருளிப்பட்டியில் வீட்டு பிளான் மாதக்கணக்கில் இழுத்தால், டீக்கடை யோசனை இதுதான்: "மதுரையில ஒரு ரிட் போடுங்கண்ணே. கோர்ட் ஆர்டர் வந்துட்டா பிளான் பாஸ்!" தேனி மாவட்டத்துக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைதான் என்பதால் போகும் இடம் சரி. வரும் பலன்தான் வேறு.

"ஆர்டரே அனுமதி." இல்லை. அரசியல் சட்டம் 226-ஆம் பிரிவின்கீழ் இத்தகைய மனுக்களில் வழக்கமாக வரும் உத்தரவு, 'மனுவைச் சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுங்கள்' என்பதே. பிளானில் பக்க இடம் விட்டிருக்கிறதா, தெரு அகலம் போதுமா என்று நீதிபதி அளந்து பார்ப்பதில்லை. திராட்சைப் பந்தல் நின்ற நிலத்தில் வீடு கட்டுபவர், விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தாள் ஃபைலில் இல்லையென்றால், எட்டு வாரத்தில் வருவது நிராகரிப்புதான்.

"கோர்ட் வைத்த கெடு தாண்டினால் அனுமதி நமக்கு உறுதி." இதற்கு ஹௌரா மாநகராட்சி வழக்கே பதில். கேஞ்சஸ் ரோப் நிறுவனம் கூடுதல் மாடிகளுக்கு விண்ணப்பித்தது. குறித்த காலத்துக்குள் முடிவெடுக்கும்படி கல்கத்தா உயர்நீதிமன்றம் சொல்லியும் மாநகராட்சி தாமதித்தது. இடையில் கட்டட உயரத்துக்குப் புதுக் கட்டுப்பாடு வந்தது. பழைய விதிப்படியே அனுமதி கேட்டது நிறுவனம். 2003 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை: விண்ணப்பம் போட்டதாலோ, கெடு விதிக்கப்பட்டதாலோ உரிமை பிறந்துவிடாது, அனுமதி தரும் நாளில் உள்ள விதியே பொருந்தும்.

"அப்படியென்றால் ரிட் வெட்டிச் செலவு." அதுவும் இல்லை.

பதிலே சொல்லாத அலுவலகத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. காரணத்தோடு மறுத்தால், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் மேல்முறையீட்டுக்கு வழி திறக்கும். உத்தரவை அலட்சியம் செய்தால் அவமதிப்பு வழக்கு. அதை ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

"எல்லா வீட்டுக்கும் இதே அலைச்சல்தான்." 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. அளவு இதற்குள் அடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இணையதளத்தை. அடங்காதவர்கள் வக்கீலிடம் போகும்போது விண்ணப்ப எண், கட்டண ரசீது, அலுவலகம் கேட்ட விளக்கத்துக்குத் தந்த பதில், நினைவூட்டுக் கடிதத்தின் நகல் நான்கையும் எடுத்துப் போகட்டும்.