ஒரே ஆட்சியர், இரண்டு மேசைகள்

ராணுவம் என்ற சொல் வந்தாலே நம் வாசிப்பு வட்டங்களில் பேச்சு ஒரு பக்கமாகத்தான் போகும். காஷ்மீர், வடகிழக்கு, ஆயுதப்படைச் சிறப்பதிகாரச் சட்டம். அந்த விமர்சனத்தில் எதையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று இங்கே சொல்ல வரவில்லை. ஆனால் 17 வருடம் சிப்பாயாக இருந்துவிட்டு, நாற்பது வயதுக்குள் சேரிக்குத் திரும்பி, ஏதோ ஒரு ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. தோழர்கள் பலருக்கு அவர் அப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருக்கிறார். அவருக்கென்று மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகம் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று பலகை தொங்கும். நம்மில் பெரும்பாலோர் அந்த வாசலை மிதித்ததில்லை.

மிதிக்க வேண்டும் என்பதற்கு வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில் தாபோலி என்று ஓர் ஊர். பம்பாய்ப் படையில் இருந்து ஓய்வுபெற்ற மகர், சாம்பார் சிப்பாய்கள் நிறையப் பேர் குடியேறிய இடம். 1886இல் ஹவில்தாராக ஓய்வுபெற்ற கோபால் பாபா வலங்கர் அங்கேதான் தங்கினார். அங்கிருந்துதான் அநார்ய தோஷ பரிகாரக மண்டலியை நடத்தினார். தீண்டாமையைக் கேள்வி கேட்டு 1888இல் நூல் வெளியிட்டார். 'வீர இனம்' என்று புதிதாக ஒரு கணக்குப் போட்டு மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தியபோது, 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். சுபேதார் ராம்ஜி சக்பாலும் ஓய்வுக்குப் பிறகு குடும்பத்தோடு வந்து சேர்ந்தது இதே தாபோலிக்குத்தான். அவருடைய கடைசி மகன் பாபாசாகேப் அப்போது சிறு குழந்தை.

ஏன் சிப்பாய்கள்? வீரம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை. படைக்குள் எழுத்தறிவு கிடைத்தது, அது ஒன்று. இன்னொன்று ஓய்வூதியம். ஊரில் யாருடைய களத்திலும் நிற்காமல், எந்தப் பண்ணையார் தயவும் இல்லாமல் மாதம் தவறாமல் வருகிற பணம். ஊர்க்கட்டுப்பாடு போட்டு நிறுத்த முடியாத வருமானம். 'நாளையிலிருந்து வேலைக்கு வராதே' என்று எவனாலும் மிரட்ட முடியாத மனிதர்தான் அன்று மனு எழுதத் துணிந்தார்.

அந்த வருமானம் இன்று எங்கே சிக்குகிறது என்று பாருங்கள். சிப்பாய் 15 வருடம் பணியாற்றினால்தான் பொதுவாக ஓய்வூதியம். ஆண்டுகள் குறைந்தவர்களுக்கு அது இல்லை. ஓய்வூதியம் இருப்பவர் இறந்துபோனால், ஆவணத்தில் மனைவி பெயர் 'லட்சுமி', ஆதாரில் 'முத்துலட்சுமி' என்று இருக்கும். குடும்ப ஓய்வூதியம் அங்கேயே நின்றுவிடும். அதைத் திருத்த வேண்டிய ரெக்கார்டு ஆபீஸ் நம் ஊரில் இல்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, மகர் ரெஜிமென்ட் என்றால் மத்தியப் பிரதேசத்தின் சாகர். ஓய்வூதியக் கணக்கோ 'ஸ்பர்ஷ்' என்ற இணையதளத்துக்குப் போய்விட்டது. ஓடிபி வரும் கைபேசி பேரனிடம் இருக்கும், அவன் திருப்பூரில் இருப்பான்.

மாவட்ட அலுவலகத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பணத்தை அது தருவதில்லை. ரெக்கார்டு ஆபீஸுக்கும் ஓய்வூதியப் பிரிவுக்கும் குடும்பத்துக்கும் நடுவே நின்று கடிதம் எழுதுவதும் சான்று தருவதும் அதன் வேலை. 65 வயது கடந்த, ஓய்வூதியம் இல்லாத படைவீரருக்கும் கைம்பெண்ணுக்கும் மத்திய சைனிக் வாரியத்தின் மாத உதவி உண்டு. தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகளுக்குப் பிரதமர் பெயரிலான உதவித்தொகை உண்டு. இரண்டுக்கும் மாவட்ட அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகமும் ஓய்வூதிய ஆணையும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பல வீடுகளில் அவை இரும்புப் பெட்டிக்குள் கரையான் தின்னக் கிடக்கின்றன.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 விழுக்காடு உண்டு. இதில் விண்ணப்பித்தால் எஸ்.சி. ஒதுக்கீட்டை விட வேண்டும் என்று நம் ஆட்களே நம்புகிறார்கள். அப்படி இல்லை. இது கிடைமட்ட ஒதுக்கீடு, எல்லாப் பிரிவுகளையும் குறுக்காக வெட்டிச் செல்வது. பட்டியல் சாதி முன்னாள் சிப்பாய் அந்தப் பிரிவிலேயே கணக்கிடப்படுவார்.

இனி சாதிக்கு வருவோம். 2016இல் பாம்பூர் தாக்குதலில் இறந்த சிஆர்பிஎஃப் வீரர் ஒருவரின் உடலைச் சொந்த ஊரின் பொது நிலத்தில் எரிக்க உத்தரப் பிரதேசத்தில் ஆதிக்கச் சாதியினர் இடம் மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து மணிக்கணக்கில் பேசிய பிறகுதான் கொஞ்சம் இடம் விட்டார்கள். தேசியக்கொடி போர்த்தி வந்த பெட்டிக்கே இந்தக் கதி என்றால், பென்ஷன் வாங்கிக்கொண்டு உயிரோடு இருப்பவர் புது வீடு கட்டும்போதும், புல்லட்டில் ஊர்த்தெரு வழியே போகும்போதும் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (சிஆர்பிஎஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படையினர் 'முன்னாள் படைவீரர்' வரையறைக்குள் வரமாட்டார்கள். இந்த அலுவலகம் முப்படையினருக்கு மட்டும்தான். அது தனியாகப் போராட வேண்டிய விஷயம்.)

நல அலுவலகத்துக்கு இப்படி ஒரு புகாரோடு போனால் 'இது போலீஸ் விஷயம்' என்பார்கள். காவல் நிலையத்துக்குப் போனால் 'நீங்க மிலிட்டரிக்காரர், பெருந்தன்மையா விட்டுடுங்க' என்பார்கள். இங்கேதான் நம் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் வாரியத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 17ஆம் விதிப்படி அமையும் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் தலைவரும் அதே ஆட்சியர்தான். அந்தக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தையும் அவர் தலைமையில்தான் நடத்துகிறார்கள். இரண்டு மேசைக்கும் ஒரே நாற்காலி, கோப்புகள் மட்டும் சந்திப்பதே இல்லை.

சந்திக்க வைப்பது நம் வேலை. வன்கொடுமைப் புகாரின் நகலோடு, புகார்தாரரின் முன்னாள் படைவீரர் அடையாள அட்டை எண்ணையும் எழுதிக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். அதே மனுவைக் கண்காணிப்புக் குழுவுக்கும் அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் அது எடுக்கப்பட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கூட்டக் குறிப்பைக் கேளுங்கள்.

ஊரில் இருக்கும் முன்னாள் படைவீரர் சங்கம் வேறு, இந்த அலுவலகம் வேறு. சங்கம் என்பது தனியார் பதிவு. அதன் தலைவர் பதவிக்குப் பெரும்பாலும் அதிகாரியாகவோ சுபேதாராகவோ இருந்தவரே வருவார், சிப்பாய்க்குப் பின்வரிசை நாற்காலிதான். டிசம்பர் 7 கொடிநாளில் மேடையில் யார் உட்கார்கிறார்கள், பந்தல் காலில் சாய்ந்து நிற்பது யார் என்று இந்த வருடம் போய்ப் பாருங்கள். நிற்பவரிடம் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.